அடித்தண்டழுகும் தென்னை: காளான் முளைக்கும் முன்பே செய்ய வேண்டியவை

சோழவந்தான், வாடிப்பட்டி வட்டாரத் தென்னந்தோப்புகளில், தூருக்குச் சற்று மேலே விசிறி போல ஒட்டிக்கொண்டு அரக்குப் பூசியது போல மினுங்கும் காளானைக் கண்ட பிறகே பலரும் மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று பதறுகிறார்கள். அந்தக் காளான், கானோடெர்மா என்னும் பூசணம் வேரையும் தூரையும் பல மாதங்களாகத் தின்ற பின்னர், வித்துகளைக் காற்றில் பரப்புவதற்காக வெளியே நீட்டுகிற உறுப்பு. 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றும் வழங்கப்படும் இந்த அடித்தண்டழுகல் நோயில், காளான் தெரிந்த மரத்தைக் காப்பாற்றுவது அரிது; அதைச் சுற்றி நிற்கும் மரங்களைக் காப்பாற்ற முடியும்.

பூசணம் மரத்தை எப்படித் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கும். மரத்துக்கு வலுத் தருபவை செல்லுலோஸ் நார்களும், செங்கலைச் சாந்து பிணைப்பது போல அவற்றைப் பிணைக்கும் லிக்னினும் ஆகும். ஓட்டு வீட்டில் ஒழுகலுக்குக் கீழே இருக்கும் கைமரம் சில சமயம் பழுப்பேறிக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும். அங்கே செல்லுலோஸ் போய் லிக்னின் எஞ்சியிருக்கிறது. கானோடெர்மா லிக்னினையும் விட்டுவைப்பதில்லை. அதன் நூலிழைகள் சுரக்கும் நொதிகள் லிக்னினைச் சிதைப்பதால், அழுகிய தூர் வெளிறி, நாராகப் பிரிந்து, நனைந்த பஞ்சு போலாகிவிடும். இரண்டு வகை அழுகலுக்கும் ஈரம் வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள கட்டையில் இவை வளர்வதில்லை. மதுரையின் காய்ச்சலான வெயிலில் நம் வீட்டு உத்தரங்கள் பல தலைமுறை நிற்பதற்கு இது ஒரு காரணம். எப்போதும் நீர் தேங்கும் தோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சாலையோரப் புளியமரம் நடுவே பொந்து விழுந்தும் நூறாண்டு நிற்கிறதே, தென்னை ஏன் விழுகிறது என்று கேட்கலாம். புளியமரத்தின் நடுவைரம் உயிரற்றது. உயிருள்ள பகுதி பட்டையை ஒட்டிய வளையத்தில் இருப்பதால், அது ஆண்டுதோறும் புதுக் கட்டையை உண்டாக்கிக் காயத்தை மூடிக்கொள்கிறது. தென்னைக்கு அப்படி ஒரு வளையம் கிடையாது. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால், தூர் அழுகும்போது உச்சிக்குப் போகும் நீரே குறைகிறது. அடிமரத்தில் பட்ட காயமும் ஆயுள் முழுவதும் ஆறாது. எனவே ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதையும், உழும்போது கலப்பை தூரில் உரசுவதையும் அடியோடு நிறுத்துங்கள்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் குனிந்து பாருங்கள். முதலில் தெரிவது தண்டின் வெடிப்புகளிலிருந்து வடியும் செம்பழுப்புச் சாறு. காய்ந்தபின் அது கறுத்த கோடாகப் படிந்திருக்கும். பிறகு அடிமட்டைகள் மஞ்சளாகி, உதிராமல் தண்டோடு ஒட்டித் தொங்கும், குரும்பைகள் கொட்டும். ஐயம் இருந்தால் அரிவாளின் பின்புறத்தால் தூரைத் தட்டுங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். அழுகிய இடத்தில் ஒலி மங்கிப் பொத்தென்று கேட்கும்.

சாறு வடியும் மரத்தைச் சுற்றி 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள அகழி வெட்டி, அதன் வேர்கள் பக்கத்து மரத்தின் வேர்களோடு உரசாமல் பிரித்துவிடுங்கள். வாய்க்கால் நீரை ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்குப் பாயவிடாமல், தனித்தனி வட்டப்பாத்தியிலோ சொட்டுநீரிலோ பாய்ச்சுங்கள். பின்னர் பாத்தியில் மரத்துக்கு 40 லிட்டர் வீதம் பூசணத்தைக் கொல்லும் 1 விழுக்காடு போர்டோ கலவையை ஊற்றுங்கள். அதற்கு 400 கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) 20 லிட்டர் நீரிலும், 400 கிராம் நீற்றிய சுண்ணாம்பை மற்றொரு 20 லிட்டரிலும், பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துப் பாருங்கள்: கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, நிறம் படிவது நிற்கும் வரை சுண்ணாம்புக் கரைசலைச் சேர்த்துக்கொண்டே போங்கள். கலவையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

நோய் தொடாத மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்குடன் டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா 200 கிராம் ஆகியவற்றைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான் என்பதால், போர்டோ கலவை ஊற்றிய பாத்தியில் அதை உடனே இட்டால் செம்பு அதையும் கொன்றுவிடும். பழைய துண்டறிக்கைகளில் காணப்படும் டிரைடெமார்ஃப் என்னும் பூசணக்கொல்லி 2018இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. கடையில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேர் மூலம் செலுத்தத் தகுந்த மாற்று மருந்தையும் அளவையும் ஒத்தக்கடையிலுள்ள வேளாண்மைக் கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பட்டுப்போன மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையை விட்டுவைப்பதே நான் கண்ட பெரிய தவறு. எங்கள் தோப்பிலும் கூலிச் செலவுக்கு அஞ்சி ஒரு கட்டையை அப்படியே விட்டோம். மழைக்குப்பின் அதில் காளான் வரிசையாக முளைத்தது, பிறகு பக்கத்து மரத்திலும் சாறு வடியத் தொடங்கியது. மண்வெட்டியும் கடப்பாரையும் போதாவிட்டால் பொக்லைன் வைத்தாவது தூரை வேரோடு தோண்டி, அந்த இடத்திலேயே உலர்த்தி எரித்துவிடுங்கள். முளைத்த காளானை வித்துப் பரப்புமுன் அறுத்துச் சாக்கில் கட்டி அதே நெருப்பில் போடுங்கள். குழியைக் கோடை முழுவதும் வெயிலில் திறந்துவைத்து, அதில் தென்னங்கன்று வைக்க அவசரப்படாமல் முதலில் வாழை வையுங்கள்.