ஃபுக்குவோக்காவில் மூன்று இரவு: வயிற்றை வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

போன முறை ஜப்பானில் ஒரே வாரத்தில் மூன்று ஊர் ஓடினேன். திரும்பி வந்தபோது ஞாபகத்தில் நின்றது ரயில் நிலையப் படிக்கட்டுகள்தான். இந்த முறை ஒரே ஊர், மூன்று இரவு, சாப்பாடுதான் வேலை என்று ஃபுக்குவோக்கா போனேன். விசா, டிக்கெட் கதையெல்லாம் இங்கே இல்லை.

முதலில் அறை. ஊரின் நடுப்பகுதிகளான ஹகாத்தா அல்லது தென்ஜின் பக்கம் எடுங்கள். விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் ஹகாத்தா இரண்டாவது நிறுத்தம், ஐந்தாறு நிமிடம், 260 யென். ஆனால் அந்த ரயில் ஏறும் இடம் உள்நாட்டு முனையத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் இலவச பஸ்ஸில் அங்கே போக வேண்டும். இது தெரியாமல் நான் பெட்டியோடு அரைமணி நேரம் சுற்றினேன்.

அடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு சாப்பாடு மட்டும் முடிவு செய்யுங்கள், அவ்வளவுதான். மதியம் ராமென் (சாற்றில் மிதக்கிற நூடுல்ஸ்) என்றால் அன்றைக்கு இரவு மொத்சுநாபே (மாட்டுக் குடலும் முட்டைக்கோஸும் கொதிக்கிற சட்டி) வேண்டாம், இரண்டுமே கனம். கோழியை எலும்போடு வேகவைக்கிற மிசுதாக்கி சரியாக இருக்கும். காலையில் பசித்தால் உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்). இந்த ஊர் உதோன் மெத்தென்று இருக்கும், கடித்தால் எதிர்க்காது.

கடை தேட எனக்கு டாபெலாக் என்ற ஜப்பானிய உணவக மதிப்பீட்டுத் தளம்தான் பிடிக்கும். அங்கே மதிப்பெண் போடுகிறவர்கள் கறார் பேர்வழிகள், ஐந்துக்கு 3.5 இருந்தாலே நல்ல கடை. நான் முதலில் நாலுக்குக் கீழே எதையும் பார்க்காமல் தள்ளிக்கொண்டிருந்தேன், முட்டாள்தனம்.

இப்போது ராமென். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இந்த ஊர் தொன்கொத்சு ராமென் பன்றி எலும்பை வெள்ளையாகும் வரை கொதிக்கவைத்த சாறு, அதில் மெல்லிய நூடுல்ஸ். மெல்லியது என்பதால் சீக்கிரம் ஊறிவிடும், அதனால் முதலில் கொஞ்சமாகத்தான் வரும். போதவில்லை என்றால் "கயேதாமா" என்று சொன்னால் இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் தருவார்கள். நானோ சாறு நன்றாக இருக்கிறதே என்று கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அப்புறம் கயேதாமா கேட்டேன். கடைக்காரர் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வெறும் நூடுல்ஸை வைத்துவிட்டுப் போனார். ஆகவே பாதிச் சாற்றை மிச்சம் வையுங்கள். நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும் என்றும் கேட்பார்கள்: விறைப்பாக வேண்டுமென்றால் "காத்தா", அதைவிட விறைப்பு "பரிகாத்தா". முதல் தடவை காத்தா போதும்.

இரவுக்கு யத்தாய், அதாவது தெருவோர வண்டிக் கடைகள். நகாசு என்ற பகுதியின் ஆற்றங்கரையிலும் தென்ஜினிலும் பொழுது சாய்ந்ததும் முளைக்கும், ஒன்றில் பத்துப் பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். இதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைக்காதீர்கள். நான் அப்படித்தான் வைத்தேன், அன்றைக்கென்று அடைமழை, நான் போன வரிசையில் ஒரு வண்டி கூட இல்லை. வானம் வெளுத்திருந்தால் முதல் இரவே போய்விடுங்கள். கையில் ரொக்கம் வேண்டும், கழிப்பறை கிடையாது, ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், பின்னால் ஆள் நின்றால் எழுந்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை: சைவக்காரர்கள் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கஷ்டம்தான். உதோன் சாற்றிலும் மீன் இருக்கும், "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் மீனை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். ஒரு ஆறுதல்: தென்ஜினிலிருந்து அரைமணி ரயில் தூரத்தில் தசாய்ஃபு கோயில் தெருவில் உமெகாயே மோச்சி சுடுவார்கள்: அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறு, மேலே மொறுமொறு. வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிடுங்கள். நான் இரண்டைப் பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோனேன், ரப்பர் மாதிரி ஆகிவிட்டது.