பழைய ஹெவி மெட்டலை மீண்டும் கேட்கும் முறை

ஹெவி மெட்டல் எனப்படும் கனத்த ராக் இசையின் பழைய குழுக்களை மீண்டும் கேட்க விரும்புபவர், புகழ்பெற்ற பாடல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், முழு ஆல்பங்களை அவை வெளிவந்த வரிசையிலேயே கேட்பது நல்லது.

1970 பிப்ரவரியில் வெளிவந்த, பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். மழையோசைக்கும் மணியோசைக்கும் பின்னர் டோனி அயோமியின் கிட்டார் மூன்றே சுரங்களுடன் நுழைகிறது: ஆதார ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அடுத்துப் பிரதி மத்தியமம். அந்த மூன்றாவது சுரம் நடுங்கி நிற்கும்போது எழும் அச்சத்தை உணரும்வரை அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். உலோகத் தகட்டு ஆலை விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்த அயோமி, உருக்கிய பிளாஸ்டிக்கால் தாமே உறைகள் செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். விரல்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று தந்திகளைத் தளர்த்தியதும் 1971ஆம் ஆண்டின் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் கேட்கும் அந்தக் கனத்த ஒலிக்கு ஒரு காரணம்.

அடுத்து, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் இரட்டைக் கிட்டார்களை ஹெட்போனில் பிரித்தறியப் பழகுங்கள். அயர்ன் மெய்டனில், புரூஸ் டிக்கின்சன் பாடகராக இணைந்தபின் வந்த 1982 ஆல்பத்தில், குரலை விட்டுவிட்டு ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டாரை (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) மட்டும் பின்தொடருங்கள். குதிரைப் பாய்ச்சல் போன்ற அந்த நடைதான், என் கணிப்பில், குழுவின் உயிர்நாடி.