எக்ஸ்மூரில் நடக்கப் போகும் முன் மேட்டைக் கணக்குப் போடுவது எப்படி?

கடற்கரை, காடு, மலை மூன்றையும் ஒரே வார இறுதியில் காலால் நடந்து பார்க்க இங்கிலாந்தில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் எக்ஸ்மூரைத்தான் சொல்வேன். சாமர்செட்டும் டெவனும் சேரும் இடத்தில், பிரிஸ்டல் சேனல் ஓரமாகக் கிடக்கிற தேசியப் பூங்கா. முதல் தடவை அங்கே போனபோது ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வரைபடம்

பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் ஓஎல்9 தாள் வரைபடத்தை வாங்குங்கள். கூகுள் மேப்ஸ் போதுமே என்பார்கள். போதாது. அது கார் நிறுத்துமிடம் வரை கொண்டுபோய் விடும், அதற்கு மேல் காட்டுக்குள் சிக்னலும் இருக்காது, பாதை மேடா பள்ளமா என்பதும் தெரியாது. தாள் வரைபடத்தோடு ஒரு குறியீட்டு எண் வரும், அதைப் போட்டால் அதே வரைபடம் போனிலும் இறங்கிவிடும். வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

பச்சைப் புள்ளிக்கோடு என்றால் எல்லோரும் நடக்க உரிமை உள்ள பாதை. கறுப்புப் புள்ளிக்கோடு என்றால் தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அர்த்தமில்லை.

2. தூரம்

வரைபடத்தில் ஒரு கட்டம் 4 சென்டிமீட்டர், தரையில் அது 1 கிலோமீட்டர். தையல் நூல் ஒன்றைப் பாதையின் வளைவுகளோடு வைத்து, பிறகு நிமிர்த்தி ஸ்கேலில் அளந்தால் போதும்.

3. மேடு

நான் தவறியது இங்கேதான்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த சமயம். பாசிங்டன் கிராமத்தில் காரை விட்டுவிட்டு, ஹர்ல்ஸ்டோன் முனை வரை போய், செல்வொர்தி பீக்கன் என்ற குன்றில் ஏறி, செல்வொர்தி கிராமம் வழியாகத் திரும்புவது என்று திட்டம். மொத்தம் 8 கிலோமீட்டர் போல. மணிக்கு 5 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முனை வரை அப்பா ஜாலியாக வந்தார். அங்கிருந்து ஹர்ல்ஸ்டோன் கூம்ப் என்ற பள்ளத்தாக்கு வழியாகப் பாதை நேராக மேலே ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 308 மீட்டர் உச்சிக்கு. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “மேட்டைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையேம்மா” என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சிரித்தபடி சொன்னது இன்னும் உறுத்துகிறது. காருக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அன்று இரவு வரைபடத்தை மறுபடி விரித்தேன். பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள், நாம் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ படித்த அதே கோடுகள், அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பட்டை மாதிரியே இருந்தன. எல்லாம் கண்ணெதிரில் இருந்திருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்பதை வரைபடத்தின் விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்வேன். பிறகு பென்சிலால் பாதையைத் தொடர்ந்து, மேல்நோக்கி வெட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டிக். இறக்கத்துக்கு டிக் கிடையாது, ஆனால் இறங்கி மறுபடி ஏறினால் அந்த ஏற்றத்தை மறுபடி எண்ண வேண்டும். உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தைக் கழித்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள், கடலோரப் பாதையில் ஓடை வரும் இடமெல்லாம் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்.

தூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் என்று நேரம் போட்டுக்கொண்டு, அதோடு டிக்குகளை மீட்டராக்கி, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இது. என் நடைக்குப் போட்டால்: 8 கிலோமீட்டருக்கு 96 நிமிடம், 300 மீட்டர் ஏற்றத்துக்கு 30, ஆக 2 மணி 6 நிமிடம். குழந்தையோ பெரியவர்களோ கூட வந்தால் ஒன்றரையால் பெருக்குங்கள். 3 மணி 9 நிமிடம். அப்பாவுக்கு ஆன நேரம் அதுதான்!

4. எங்கே தொடங்கலாம்

முதல் நடைக்கு போர்லாக் வியரிலிருந்து கல்போன் தேவாலயம் வரை போங்கள், போக ஏறக்குறைய 2 மைல். ஓக் மரக் காட்டுக்குள் ஏறிக்கொண்டே போகிற பாதை, இலைகளுக்கு நடுவே கீழே கடல் தெரியும். தொடக்கத்திலேயே சில கல் சுரங்கங்கள் வரும். உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராமர் என்று நாம் படித்த ஏடா லவ்லேஸ் குடும்பத்தின் ஆஷ்லி கூம்ப் மாளிகைக்காகக் கட்டியவை. மாளிகை இப்போது இல்லை. தேவாலயம் நம் ஊர்க் கிராமத்துச் சாஸ்தா கோயில் அளவுதான், முப்பது பேர் உட்காரலாம், வாசல் வரை கார் போகாது. மண்சரிவால் பாதையை அங்கங்கே மாற்றிவிடுவார்கள், ஆகவே ஓக் கொட்டைச் சின்னம் போட்ட பலகையை நம்புங்கள்.

மலை பார்க்க வேண்டுமா, டங்கரி பீக்கன். 519 மீட்டர், சாமர்செட்டில் உயரமானது. டங்கரி கேட் வரை கார் போய்விடும் என்பதால் மீதி ஏற்றம் கொஞ்சம்தான். மறு வருடம் அப்பாவை அங்கேதான் கூட்டிப்போனேன். ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து மலை முழுக்க ஊதாவாக இருந்தது, மட்டக்குதிரைகள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன, புளியோதரை டப்பாவைத் திறந்ததும் ஒன்று எட்டிப் பார்த்தது. கொடுக்காதீர்கள், அவற்றுக்கு ஆகாது.

பிறகு சேர்த்தவை

போர்லாக் வியருக்கும் பாசிங்டனுக்கும் நடுவே கூழாங்கல் மேட்டின் மேலேயே நடந்து, வழி அடைபட்டுப்போய்த் திரும்பியதாக இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். 1996 புயலில் கடல் அந்த மேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது, பின்னால் இருந்த வயல் உப்புச் சதுப்பாகிவிட்டது, பட்டுப்போன மரங்கள் இன்னும் வெள்ளையாக நிற்கின்றன. உள்பக்கமாகப் போகும் பாதையில் செல்லுங்கள். கரையில் இறங்குவதாக இருந்தால் ஓத அட்டவணை பார்க்காமல் இறங்கவே வேண்டாம், உலகிலேயே மிக அதிகமாக ஏறி இறங்கும் கடல்களில் இது ஒன்று. அச்சிட்ட அட்டவணையில் நேரம் ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) என்று போட்டிருந்தால், கோடையில் அங்கே கடிகாரத்தை முன்னே நகர்த்திவிடுவதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் உண்ணி. மான்கள் நிறைய உள்ள இடம், பெரணிப் புதர் இடுப்பளவு நிற்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்பக்கம் பாருங்கள். என் பையனுக்கு அங்கேதான் ஒட்டியிருந்தது, எள்ளு அளவுதான் இருந்தது. நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தோம்.