பெயிண்ட் உரிந்துகொண்டே இருந்த சுவர்

படுக்கையறைச் சுவருக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன், இரண்டு முறையும் சில மாதத்திலேயே பொங்கி உரிந்தது. பெயிண்டைக் குறை சொன்னேன், ஆனால் காரணம் சுவருக்குப் பின்னால் இருந்த குளியலறைக் குழாயின் கசிவு. அதை அடைத்துவிட்டு, உப்புப் பூத்த இடத்தையெல்லாம் சுரண்டி, உலர்ந்த பிரஷால் தேய்த்து, சுவரைக் காயவிட்டேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் வைத்தால், உள்பக்கம் வியர்த்திருந்தது, இன்னும் 3 வாரம் பொறுத்தேன். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம், தயவுசெய்து காத்திருங்கள். அப்புறம் மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி, அதைத் தேய்க்க உப்புத்தாள், தூசி துடைத்து பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் 2 கோட் பெயிண்ட். இரண்டு வருடமாகிறது, சுவர் அப்படியே இருக்கிறது.