துணிக்கைகள் வீங்குவதில்லை

திருகோணமலையில் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சடப்பொருள் எல்லாம் ஓயாமல் அசையும் துணிக்கைகளால், அதாவது அணுக்களாலும் மூலக்கூறுகளாலும், ஆனது என்னும் இயக்கக் கொள்கையில் வைத்த பரீட்சையின் விடைத்தாள்கள் முன்னால் கிடக்கின்றன. நாங்கள் படித்த காலத்தில் எழுதிய அதே பிழைகள், அச்சுப் பிசகாமல். கெல்வினுக்கு மாற்றும்போது 273ஐக் கூட்ட மறப்பது, அலகை விடுவது எல்லாம் கவனக்குறைவு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூடேற்றினால் துணிக்கை பெருக்கும் என்பது

புள்ளிகளை அதிகம் விழுங்குவது இதுதான். சூடான உலோகப் பந்து வளையத்துக்குள் ஏன் நுழையவில்லை என்று கேட்டால், "துணிக்கைகள் விரிவடைந்ததனால்" என்று எழுதுகிறார்கள். விரிந்தது பந்து. துணிக்கைகள் முன்னைவிட வேகமாக அதிர்வதால் அவற்றுக்கு இடையிலான சராசரித் தூரம் சற்றே கூடுகிறது. ஒரு மீற்றர் இரும்புக் கம்பி, 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். அந்த இடைவெளிகள் ஆயிரத்தில் ஒரு பங்களவு கூடினாலே அதற்குப் போதும்.

எரிச்சல் தருவது என்னவென்றால், இந்தப் பிழையைப் பல குறிப்புப் புத்தகங்களின் படமே கற்றுக்கொடுக்கிறது: திண்மத்துக்குச் சிறிய வட்டம், வாயுவுக்குப் பெரிய வட்டம். ஒரு மாணவி நீராவியென்று பெட்டி நிறைய வட்டங்களை முட்டமுட்ட வரைந்திருந்தாள். பாமசியில் வாங்கிய, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, காற்றை இழுத்து நுனியை விரலால் அடைத்துத் தள்ளச் சொன்னேன். பாதிவரை போனது, கையை விட்டதும் திரும்பி வந்தது. தண்ணீரை நிரப்பித் தள்ளினாள். அசையவில்லை.

"உன் படத்தில் வெற்றிடமே இல்லையே, பிள்ளை. காற்று எங்கே ஒதுங்கியது?"

படத்தைப் பார்த்தாள். அழிறப்பரை எடுத்தாள்.

கணக்குப் போட்டாலும் இதே விடைதான். ஒரு கன சென்ரிமீற்றர் நீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,700 கன சென்ரிமீற்றர் இடம் பிடிக்கும். மூலக்கூறே பெருத்து அதை நிரப்புவதென்றால் அதன் விட்டம் 12 மடங்காக வேண்டும்!

துணிக்கைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது என்பது

காற்றும் துணிக்கைகள்தானே. நடுவே ஒன்றுமில்லை.

திண்மத்தில் துணிக்கைகளுக்கு அசைவில்லை என்பது

அதிரும்.

திரவத்தைப் பாதி வாயுவாக வரைவது

திரவத்தில் துணிக்கைகள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டே இருக்கும், ஒழுங்குதான் குலைந்திருக்கும். பனிக்கட்டி உருகும்போது கனவளவு குறையவே செய்கிறது.

ஆவியாக 100 பாகை வேண்டும் என்பது

நிலாவெளி உப்பளத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரே வெப்பநிலையிலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் வேகம் கூடியவை தப்பிவிடுகின்றன. மிஞ்சியவற்றின் சராசரிச் சக்தி குறைவதால் நீர் குளிர்கிறது. கச்சான் காற்று அடிக்கும் வெக்கையிலும், கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றால் உடம்பு சிலிர்ப்பது இதனால்தான். 100 பாகை என்பது கடல்மட்டத்தில் நீர் கொதிக்கும் எல்லை. அப்போது எழும் குமிழிக்குள் இருப்பது நீராவி; "காற்று" என்று எழுதினால் புள்ளி இல்லை.