முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர்: ஆசரிப்புக் கூடார மாதிரி செய்யும் முறை

வேதாகமத்தின் யாத்திராகமம் 25 முதல் 27 வரையிலான அதிகாரங்களில், இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் பெரும்பாலும் முழக்கணக்கில் தரப்பட்டிருப்பதால், ஒரு முழத்தை ஒரு சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டால் புதிதாகச் செய்பவரும் கணக்கில் தடுமாற மாட்டார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கழற்றிச் சுமந்து சென்ற கூடாரம் இது என்பதால், மாதிரியின் பாகங்களையும் நிரந்தரமாக ஒட்டிவிடாமல், கழற்றி மாட்டும்படியே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில், 110 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கெட்டியான தெர்மாகோலின் மீது 100க்கு 50 செ.மீ. பிரகாரத்தை வரைந்து, கிழக்குத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேற்குப் பாதியில் 30க்கு 10 செ.மீ. அளவில் கூடாரத்தை வரையுங்கள்.

அடுத்து, கெட்டி அட்டையில் ஒன்றரை செ.மீ. அகலமுள்ள 48 பலகைகளை வெட்ட வேண்டும். உயரம் 10 செ.மீ.தான் என்றாலும், தெர்மாகோலில் செருகுவதற்காக 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள். தெற்கே 20, வடக்கே 20, மேற்கே 8 பலகைகள் நிற்கும், கிழக்கு வாசல். மேற்குச் சுவரில் ஆறு பலகைகள் 9 செ.மீ.யை நிரப்ப, மூலைப் பலகை ஒவ்வொன்றையும் அரை செ.மீ. விட்டு மடித்தால், அந்த அரை செ.மீ. அகலத்தை முழுமையாக்கும், மீதி ஒரு செ.மீ. பக்கச் சுவரின் வெளிப்புறத்தை அணைத்துக்கொள்ளும். மூன்று சுவர்களின் வெளிப்புறத்திலும் காகித வளையங்கள் வைத்து, தாழ்ப்பாள்களாக மெல்லிய மூங்கில் குச்சிகளைச் சுவருக்கு ஐந்தாகச் செருகுங்கள்.

மூடுதிரையில்தான் பொறுமை தேவை. வெள்ளைத் துணியை 28க்கு 20 செ.மீ. அளவில் இரண்டாக வெட்டி, ரவிக்கைக்குத் தைக்கும் சிறு கொக்கிகளால் நீளவாக்கில் இணையுங்கள். இப்படிக் கிடைக்கும் 40 செ.மீ. நீளத்தில் 30 செ.மீ. கூரையாகும், 10 செ.மீ. பின்சுவரில் இறங்கும். அப்போது கொக்கிகள் முன்வாசலிலிருந்து சரியாக 20 செ.மீ. தொலைவில் அமைவதைக் காண்பீர்கள். கூடாரத்தின் உட்புறத்தை இரண்டாகப் பிரிக்கும் திரைச்சீலையை அந்தக் கொக்கிகளின் கீழே தொங்கவிட வேண்டும் என்று 26ஆம் அதிகாரம் கூறுகிறது. பரிசுத்த ஸ்தலம் 20 செ.மீ.யாகவும், மகா பரிசுத்த ஸ்தலம் பத்துக்குப் பத்துச் சதுரமாகவும் பிரிவது இந்தத் துணிக் கணக்கிலேயே அடங்கியிருப்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. வெள்ளைத் துணி பக்கங்களில் தரைக்கு ஒரு செ.மீ. மேலே நின்றுவிடும்; அதன்மேல் போடும் 30க்கு 44 செ.மீ. ஆட்டுமயிர் மூடுதிரை தரையைத் தொடும். அதற்கு மேல் சிவப்புச் சாயம் தோய்ந்த ஆட்டுக்கடாத் தோல், பின்பு தகசுத்தோல் எனப்படும் ஒருவகை விலங்குத் தோல்.

கூரையை இடுவதற்கு முன் பணிமுட்டுகளை, அதாவது வழிபாட்டுப் பொருள்களை, வையுங்கள்: திரைக்கு உள்ளே, கட்டளைப் பலகைகள் வைக்கும் பெட்டியான சாட்சிப்பெட்டி இரண்டரைக்கு ஒன்றரை செ.மீ. அளவில், வெளியே வடக்கில் மேஜை, தெற்கில் குத்துவிளக்கு, திரைக்கு எதிரே தூபபீடம். பிரகாரத்தில் ஐந்துக்கு ஐந்து செ.மீ. பலிபீடமும், அதற்கும் கூடாரத்துக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டியும் வரும். சுற்றிலும் ஐந்து செ.மீ.க்கு ஒன்றாக 60 தூண்களை நட்டு 5 செ.மீ. உயரத் தொங்குதிரைகளை மாட்டி, கிழக்கு நடுவில் 20 செ.மீ. வாசலுக்கு மட்டும் இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு கலந்த துணியைப் பயன்படுத்துங்கள்.

பிரிக்கும்போது எண்ணாகமம் 4இன் முறைப்படி, திரைச்சீலையை இறக்கி, அதனால் சாட்சிப்பெட்டியை மூடுங்கள். பின்னர், இவற்றைச் சுமந்த மூன்று லேவியர் வம்சங்களின் பெயரால், பணிமுட்டுகளைக் கோகாத் என்றும், துணிகளைக் கெர்சோன் என்றும், பலகைகளையும் தூண்களையும் மெராரி என்றும் பெயரெழுதிய மூன்று அட்டைப்பெட்டிகளில் தனித்தனியே வையுங்கள்.