பளபளப்பை நம்பி ஏமாந்தேன்

மேலூர்ப் பக்கம் ஓடும் எங்கள் பொக்லைனில், எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் சிலிண்டர் தண்டுக்குப் போட்ட புது முலாம் மூன்றே மாதத்தில் உரிந்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் கிழித்துவிட்டது. குரோம்தான், கண்ணாடி போல மின்னியது. ஆனால் அது பம்பருக்குப் போடும் அலங்கார குரோம். நிக்கல் பூச்சின் மேல் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. முறுக்கு மீசை வைத்த கோழை!

கப்பலூரில் வேறொரு பட்டறையில் பழைய முலாமை நீக்கி, தேய்மானத்தைத் தாங்கும் தடித்த ஹார்டு குரோமை 50 மைக்ரானுக்கு ஏற்றி, கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 65க்கு மேல். "அடி இரும்பு மெத்தென்று இருந்தால் மேலே இருப்பது முட்டை ஓடுதான் தம்பி, கல் பட்டால் விரிசல் விடும்" என்றார் பட்டறை அண்ணன். தண்டின் கடினத்தையும் சோதித்துக்கொண்டோம், தேறியது. சீல், தண்டில் ஒட்டும் மண்ணை வழிக்கும் வைப்பர் வளையம் இரண்டும் புதிது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, இன்னும் ஒழுகவில்லை.